11 மாத வீடு: புனேயின் புறநகரில் மலிவு வாடகையின் வரலாறு

புனேயில் வீடு வாடகைக்கு எடுப்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் காலவரையறை பெரும்பாலும் 11 மாதம் என்றே இருக்கும். சென்னையிலும் மதுரையிலும் இதே வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் கூறுகிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே 12 மாதத்திலிருந்து ஒன்று கழிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்திலோ 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காலம் எவ்வளவு குறுகியதாயினும் ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆக, அங்கே 11 மாதத்திற்கான காரணம் மறைந்துவிட்டது. 11 மாதம் மட்டும் நிலைத்துவிட்டது.

காரணம் போன பின்னும் ஒரு வழக்கம் நிலைக்கிறதென்றால் அது வேறொரு பயனை நிறைவேற்றுகிறது என்று பொருள். அந்தப் பயன் எது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறிய, புனேயில் குறைந்த வருவாயுடையோர் வாடகைக்குக் குடியிருந்த இடங்களின் வரலாற்றைப் பின்தொடர வேண்டியுள்ளது. அந்த வரலாறு நகரின் நடுவிலுள்ள பேட்டைகளில் தொடங்கிப் புறநகரில் முடிகிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஏழைக்கு வீடு தர வேண்டும் என்ற நல்நோக்கம் அரசிடம் இருந்திருக்கிறது. ஆயினும் அவருக்கு வாடகை வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் மிக அரிதாகவே தோன்றியிருக்கிறது.

வாடாவும் ஒண்டுக்குடித்தனமும்

பேஷ்வாக்களின் தலைநகராக விளங்கிய புனே, கஸ்பா, சனிவார், சதாசிவ, நாராயண, ராஸ்தா, பவானி எனப் பல பேட்டைகளாக வளர்ந்தது. அந்தப் பேட்டைகளின் அடிப்படைக் கட்டட வடிவம் ‘வாடா’ எனப்படும். நடுவில் ‘சௌக்’ என்னும் முற்றமும், அதைச் சுற்றி மரத்தூண் தாங்கிய கூடங்களும் மாடிகளும் கொண்ட பெருவீடு அது. செட்டிநாட்டு வீடுகளின் வளவை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதன்று.

1818இல் பேஷ்வாக்களின் ஆட்சி வீழ்ந்த பின், அரசுப் பணியையும் மானியங்களையும் நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றின் வருவாய் சுருங்கியது. ஒரு குடும்பத்திற்கென எழுந்த வாடாக்கள் காலப்போக்கில் அறை அறையாகப் பிரிந்து வாடகைக்குச் சென்றன. எழுத்தர், ஆசிரியர், அச்சகத் தொழிலாளர், கடைச் சிப்பந்தி, மாணவர் எனப் பலதரப்பட்டோர் இரண்டு அறைகளில் குடும்பம் நடத்தினர். முற்றத்துக் குழாயும் கழிப்பிடமும் அனைவருக்கும் பொது. சென்னையின் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் என்று வழங்கிய வாழ்முறையின் மராட்டிய வடிவம் இது. பின்னாளில் ராஸ்தா பேட்டையில் குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்களும் இத்தகைய நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளுக்குப் பழகியவையே.

இந்த நெருக்கத்தின் ஆபத்தை 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வெளிப்படுத்தியது. நோயைவிட நோய்த்தடுப்பு அதிகாரிகள் வீடு புகுந்து நடத்திய சோதனையே மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. பிளேக் தடுப்புப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த வால்டர் ராண்டை அவ்வாண்டு ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்ட நிகழ்வு தேசிய இயக்க வரலாற்றின் பகுதியாயிற்று. குடியிருப்பு வரலாற்றில் அந்நோய் விட்டுச்சென்ற தடம் வேறு: நகருக்கு வெளியே திறந்த வெளியில் கொட்டகை போட்டுத் தங்கிய மக்களுக்குப் புறநகர் என்பது முதன்முதலில் அடைக்கலமாக அறிமுகமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முட்டா ஆற்றின் மறுகரையில் டெக்கான் ஜிம்கானா, பிரபாத் சாலைப் பகுதிகளில் வசதியுள்ள நடுத்தர வகுப்பினர் தனி வீடுகள் கட்டிக்கொண்டனர். வாடகை கொடுப்போர் பேட்டைகளிலேயே தங்கினர்.

1930இல் தொடங்கப்பட்ட கோகலே அரசியல் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் சார்பில் த. ரா. காட்கில் நடத்திய புனே சமூகப் பொருளாதார ஆய்வு 1945, 1952 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. இந்திய நகரம் ஒன்றைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. 1956இல் வெளியான மறு ஆய்வு வேலைவாய்ப்பும் வருவாயும் மாறிய விதத்தை முதன்மைப் பொருளாகக் கொண்டது. நகரின் உழைப்பாளர் என்ன ஈட்டுகிறார் என்ற கேள்வி இவ்வாறு தொடர்ந்து ஆராயப்பட்டது. அந்த ஈட்டலில் எவ்வளவு கூரைக்குப் போகிறது, அந்தக் கூரை யாருடையது என்ற கேள்வி அத்தகைய தொடர்ச்சியைப் பெறவில்லை.

1940 செப்டம்பர் 1இல் நின்றுபோன வாடகை

இரண்டாம் உலகப் போரின் விலையேற்றத்திலிருந்து குடியிருப்போரைக் காக்க வந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக, 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு கட்டடத்திற்கு என்ன வாடகையோ, அதுவே அதன் ‘நிலையான வாடகை’ என்று அச்சட்டம் வரையறுத்தது. அதற்குப் பின் முதன்முறையாக வாடகைக்கு விடப்பட்ட கட்டடத்திற்கு முதல் வாடகையே அளவுகோல். வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்களும் குறுக்கப்பட்டன.

போரையும் பிரிவினையையும் அடுத்த ஆண்டுகளில் இந்தச் சட்டம் பல்லாயிரம் குடும்பங்களைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதில் ஐயமில்லை. தற்காலிகமாக வந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நீடித்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. வாடகைத் தொகை அப்படியே நிற்க, ஓடும் மரமும் சுண்ணாம்பும் கொத்தனார் கூலியும் ஏறின. வாடாவின் உரிமையாளருக்குப் பழுதுபார்ப்பு வீண்செலவாயிற்று. குடியிருப்பவருக்கோ வெளியேறுவது பெருநட்டமாயிற்று. இருவருக்கும் இடையே ‘பகடி’ என்னும் முறை வளர்ந்தது: குடியுரிமையைக் கைமாற்றும்போது கணக்கில் வராத பெருந்தொகை கைமாறும். மாத வாடகை சில ரூபாய் என்று காகிதம் சொல்லும். அந்த அறைக்குள் நுழைய ஒரு தொழிலாளியின் பல ஆண்டுச் சேமிப்பும் போதாது என்று நடைமுறை சொல்லும்.

இதிலிருந்து தப்ப உரிமையாளர்கள் குத்தகையைத் தவிர்த்து, இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே தரும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ முறையை நாடினர். 1973ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று அவ்வாறு அனுமதி பெற்றுக் குடியிருந்தோரைச் சட்டப்படியான வாடகைதாரராக ஆக்கியது. அன்று உள்ளே இருந்தோருக்கு அது பெரும் வெற்றி. வெளியே காத்திருந்தோருக்கு அதன் விளைவு வேறு. வீட்டைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்ற பாடத்தை உரிமையாளர்கள் கற்றுக்கொண்டனர். வாடகைக் கட்டுப்பாடு ஏற்கெனவே குடியிருந்த தலைமுறையைக் காத்தது. நகருக்குப் புதிதாக வந்த தலைமுறையின் முன் கதவைச் சாத்தியது. இரண்டும் ஒரே சட்டத்தின் செயல்கள்.

வெள்ளம் மாற்றிய நகரம்

1961 ஜூலை 12 அன்று கட்டுமானத்தில் இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்நீரைத் தாங்க இயலாமல் அதன் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைய, முட்டா ஆறு பேட்டைகளுக்குள் புகுந்தது. ஆற்றை ஒட்டிய பகுதிகளில் மண்ணும் மரமுமாக நின்ற பழைய வாடாக்கள் கரைந்து சரிந்தன. ஒரு வாடா விழுந்தபோது ஓர் உரிமையாளர் சொத்தை இழந்தார். அதனுள் குடியிருந்த பல குடும்பங்கள் பழைய வாடகையில் இனி ஒருபோதும் கிடைக்காத அறைகளை இழந்தன.

மறுவாழ்வுப் பணி புனேயின் நிலப்படத்தை மாற்றியது. சஹகார்நகர், லோகமான்யநகர், கோகலேநகர் முதலிய குடியிருப்புகள் பாதிக்கப்பட்டோருக்காக எழுந்தவையாகவோ அவர்களால் விரிந்தவையாகவோ வரலாற்றில் இடம்பெறுகின்றன. சஹகார் என்றால் கூட்டுறவு. அரசு நிலம் தர, குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து வீடு கட்டிக்கொள்ளும் வழி பெரிதும் பின்பற்றப்பட்டது. வாடகைதாரராக இருந்த பலர் அவ்வழியில் வீட்டுரிமையாளர் ஆனார்கள். அது பாராட்டத்தக்க மாற்றமே.

அதே வேளையில் ஒரு கொள்கைத் திருப்பமும் நிகழ்ந்தது. இழந்தது வாடகை அறை; ஈடாகக் கிடைத்தது உரிமை வீடு. தவணை கட்ட வருவாய் உள்ளவருக்கு அது பொருந்தியது. வருவாய் நிலையற்றவர், தனியாக வாழ்ந்தவர், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாத உள்வாடகைக் குடியினர் ஆகியோருக்கு விழுந்த வாடாவின் இடத்தில் வேறு எதுவும் எழவில்லை. 1972ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் உள்மாவட்டங்களிலிருந்து புனேக்கு வந்த உழைப்பாளர்கள் பேட்டைகளில் அறை தேடவில்லை. பர்வதி குன்றின் சரிவில் வளர்ந்த ஜனதா வசாஹத் போன்ற குடிசைப் பகுதிகளே அத்தகையோருக்கு இடம் தந்தன.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இதே மாகாணத்தில் 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், சிவ்ரி, டிலைல் சாலை ஆகிய இடங்களில் 207 சால் கட்டடங்களை எழுப்பியது. ஏறக்குறைய 160 சதுர அடி அறைகள் தொழிலாளருக்கு வாடகைக்கே விடப்பட்டன. 1952இல் மத்திய அரசு தொடங்கிய மானியத் தொழிலாளர் வீட்டுத் திட்டமும் வாடகை வீடுகளையே கருதியது. ஆகவே அரசே வாடகை வீடு கட்டுவது இங்கு அறியாத ஒன்றல்ல. அறிந்து கைவிடப்பட்ட ஒன்று. பராமரிப்புச் செலவும் வாடகை வசூலின் தொல்லையும் சேர்ந்து, அத்தகைய வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்றுவிடும் வழக்கம் பின்னாளில் நாடெங்கும் பரவியது.

தொழிலாளருக்கென ஒதுக்கிய நிலம்

புனேக்கு வடமேற்கே பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை நிறுவப்பட்டது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய ஊர்கள் பொறியியல், வாகன ஆலைகளால் சூழப்பட்டன. 1970இல் அந்த ஊர்கள் இணைந்து நகராட்சியாகி, 1982இல் மாநகராட்சியாயின.

ஆலைகள் வந்தபின் தொழிலாளர் எங்கே குடியிருப்பார் என்ற கேள்விக்கு விடையாக 1972 மார்ச் 14 அன்று பிம்ப்ரி சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. மக்கள் அதைப் ‘பிராதிகரண்’ என்றே சுட்டுவர். ஆலைகளுக்கு அருகே நிலம் கையகப்படுத்தி, மனைகளாகவும் வீடுகளாகவும் கட்டுப்படியாகும் விலையில் தருவது அதன் நோக்கம். நிக்டியில் அகன்ற சாலைகளும் மரநிழலும் கொண்ட பகுதிகள் அத்திட்டத்தின் வெற்றிக்குச் சான்று.

அதன் மறுபக்கத்தைக் காளேவாடி, தேர்காவ், ரஹாட்டணி ஆகிய இடங்களில் காணலாம். ஆணையத்தின் வரைபடத்துக்குள் வந்த நிலம் முழுவதும் உரிய காலத்தில் அதன் கைக்கு வரவில்லை. கையகப்படுத்தல் இழுபட்டது, இழப்பீடு குறித்த பிணக்குகள் நீண்டன. திட்டத்தின் கோடு விழுந்த நிலத்தில் உழவர் முறைப்படி கட்டடம் கட்டவும் இயலாது. நல்ல விலைக்கு விற்கவும் இயலாது. ஆகவே அவர்கள் அதைத் துண்டு துண்டாக, பெரும்பாலும் முத்திரைத் தாளில் எழுதிய எளிய ஒப்பந்தத்தின் பேரில் விற்றனர். வாங்கியவர் அனுமதியின்றி அறைகள் கட்டினார். அந்த அறைகளில் ஆலைத் தொழிலாளர் வாடகைக்குக் குடிபுகுந்தனர்.

தொழிலாளருக்கு வீடு தருவதற்காக ஒதுக்கிய நிலத்திலேயே தொழிலாளர் குடியேறினர். ஆனால் திட்டத்தின் வழியாக அல்ல, திட்டம் தாமதித்த இடைவெளியின் வழியாக. சட்டத்தின் பார்வையில் அவை விதிமீறல். குடியிருப்பு வரலாற்றின் பார்வையில், அந்த வட்டாரத்தின் மலிவு வாடகை வீட்டுத் தேவையைப் பேரளவில் நிறைவு செய்தவை அவையே. ஆணையம் 2021இல் கலைக்கப்பட்டு, புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு இணைக்கப்பட்டது.

ஒரு குண்ட்டா நிலத்தின் பொருளியல்

மகாராஷ்டிரத்தில் நிலத்தை அளக்கும் சிறிய அலகு குண்ட்டா. 40 குண்ட்டா ஓர் ஏக்கர். ஒரு குண்ட்டா 1,089 சதுர அடி. விளைநிலத்தைக் குண்ட்டா கணக்கில் பிரித்து விற்கும் வழக்கத்திற்குக் ‘குண்ட்டேவாரி’ என்று பெயர். 2001இல் மகாராஷ்டிர அரசு இவற்றை வரன்முறைப்படுத்தத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று என்பதிலிருந்து அதன் பரப்பை உணரலாம்.

ஒரு குண்ட்டாவில் பத்துக்குப் பத்து அளவில் ஆறு முதல் எட்டு அறைகளும், ஒரு நடையும், பொதுக் கழிப்பிடமும் இடங்கொள்ளும். உரிமையாளர் பெரும்பாலும் மாபெரும் முதலாளியல்லர். அவரும் ஒரு காலத்தில் வாடகைக்கு இருந்த ஓட்டுநராகவோ, ஆலைத் தொழிலாளியாகவோ, நிலத்தின் ஒரு மூலையை விற்காமல் வைத்துக்கொண்ட உழவராகவோ இருப்பார். அறைகள் அடுத்தடுத்து எழும். ஒன்றின் வாடகை அடுத்ததன் செங்கல்லுக்கு உதவும். வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் வாகன நிறுத்தமும் சேராததால்தான் அந்த அறையின் வாடகை குறைவாக உள்ளது. அதே காரணத்தால்தான் அதில் குழாய் நீரும் கழிவுநீர்க் கால்வாயும் தீயணைப்பு வண்டி நுழையும் தெருவும் இல்லை. மலிவும் குறையும் ஒரே வேரில் கிளைத்தவை.

இந்த அறைகள் நகர எல்லைக்கு அப்பால், ஊராட்சியின் கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் தழைத்தன. நகரமோ அவற்றைத் துரத்தி வந்தது. 1997இல் 38 ஊர்கள் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் அவற்றுள் 15 விலக்கப்பட்டன. 2017இல் 11 ஊர்களும் 2021இல் 23 ஊர்களும் சேர்ந்தன. தாயரி, ஆம்பேகாவ், வாகோலி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இணைப்புக்குப் பின் சாலை வருகிறது, வரி வருகிறது, கட்டுமான நிறுவனம் வருகிறது, நில மதிப்பு உயர்கிறது. வரிசை அறைகள் இருந்த இடத்தில் அடுக்கு மாடி எழுகிறது. வாடகைதாரர் அடுத்த ஊருக்கு நகர்கிறார். ஒவ்வொரு நகர்வும் வேலையிடத்திலிருந்து தொலைவைக் கூட்டுகிறது. அதிகாலையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்க வேண்டிய பெண்ணுக்கு, வாடகையில் மிச்சமான தொகை பேருந்துக் கட்டணத்திலும் இழந்த ஒரு வீட்டு வேலையிலும் கரைகிறது.

பழைய பேட்டைகளில் எஞ்சிய வாடாக்களின் கதையும் தொடர்கிறது. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்க மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் வரும் இளைஞருக்குச் சதாசிவ பேட்டையிலும் நாராயண பேட்டையிலும் ‘காட் பேசிஸ்’ என்ற முறையில் இடம் கிடைக்கிறது. அதாவது, வாடகை அறைக்கல்ல, ஒரு கட்டிலுக்கு. வாடா வீடாயிருந்து அறையாகி, இன்று கட்டிலாகச் சுருங்கியிருக்கிறது.

காகிதமும் குடியுரிமையும்

பம்பாய்ச் சட்டத்தின் உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் மல்பே விசுவநாத் ஆச்சார்யா வழக்கில் கூறியது. அதன் பின்னணியில் இயற்றப்பட்ட 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வாடகைதாரரின் பாதுகாப்பைத் தக்கவைத்து, ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. புதிதாக வருவோருக்கோ லீவ் அண்ட் லைசென்ஸ் முறையே பொது வழியாயிற்று. அதில் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. காலம் முடிந்தும் வெளியேறாதவரை 24ஆம் பிரிவின்படி விரைவாக வெளியேற்றலாம். அவர் இருமடங்குத் தொகை செலுத்தவும் நேரும்.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு எளியவருக்கு ஒரு கேடயத்தையும் தந்துள்ளது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது. பதிவு செய்யாவிடில், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக நிறுவப்படும்வரை, ஏற்கப்படும். மீறும் உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். இந்திய வாடகைச் சட்டங்களுள் வாடகைதாரருக்கு இத்துணைச் சாதகமான விதியைக் காண்பது எளிதன்று.

ஆனால் கேடயத்தை எடுப்பவர் அறையை இழப்பார். அனுமதியற்ற கட்டடத்தின் உரிமையாளர் பதிவுக்கு முன்வரத் தயங்குகிறார். வற்புறுத்தும் வாடகைதாரரை 11 மாதம் முடிந்ததும் மாற்றிவிடுகிறார். இங்கேதான் 11 மாதத்தின் இன்றைய பயன் விளங்குகிறது. அது பதிவுச் செலவைத் தவிர்க்கும் உபாயமாகத் தொடங்கி, குடியிருப்பவர் ஓரிடத்தில் வேரூன்றாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக முதிர்ந்திருக்கிறது. 1973இன் நினைவு உரிமையாளர் மனத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது.

விளைவுகள் வீட்டோடு நிற்பதில்லை. குடும்ப அட்டைக்கும் எரிவாயு இணைப்புக்கும் முகவரிச் சான்று வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் வாடகைக் குடும்பத்திடம் பதிவு பெற்ற ஒப்பந்தம் கேட்கப்படுகிறது. குடிசை மறுசீரமைப்பில் இலவச வீடு பெற 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கு குடியிருந்ததற்கான சான்று தேவை. பதிவற்ற அறையில் வாழ்ந்து, முகவரி மாறிக்கொண்டேயிருக்கும் குடும்பம் இவற்றுள் எதையும் எளிதில் காட்ட இயலாது. குண்ட்டேவாரி வரன்முறைப்பட்டால் உரிமையாளரின் சொத்து சட்டபூர்வமாகிறது. அந்தச் சொத்தின் மதிப்பை மாதந்தோறும் வாடகையால் கட்டியெழுப்பியவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

உரிமையாளராக்கும் கொள்கை

வாடகைதாரரை வீட்டுரிமையாளராக்குவதே வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு என்ற கருத்தை 1872இல் எங்கெல்ஸ் கடுமையாக எதிர்த்தார். தொழிலாளியை ஒரு வீட்டோடும் கடனோடும் பிணைப்பது அவருடைய இடம்பெயரும் ஆற்றலைப் பறிக்கும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அவருடைய அரசியலை ஏற்காத நகரங்களும் அக்கேள்வியை எதிர்கொண்டன. வியன்னா நகராட்சி 1923க்கும் 1934க்கும் இடையில் ஏறத்தாழ 60,000 வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது; அந்நகரின் வாடகைகள் இன்றும் அந்த முடிவின் பயனைத் துய்க்கின்றன.

இந்தியா எதிர்த்திசையில் சென்றது. நகர்ப்புறக் குடும்பங்களில் வாடகைக்கு இருந்தோர் பங்கு 1961இல் 54 விழுக்காடு. 2011இல் அது 28 விழுக்காடாகக் குறைந்தது. அதே 2011 கணக்கெடுப்பு நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதையும் காட்டியது. 2013இல் மகாராஷ்டிரம் 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களில் 20 விழுக்காட்டைச் சிறிய வீடுகளுக்கு ஒதுக்க ஆணையிட்டது; அவை மாநில வீட்டு வளர்ச்சி ஆணையத்தின் குலுக்கல் வழியே விற்கப்படுகின்றன. 2015இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நான்கு கூறுகளும் உரிமை வீட்டையே நோக்கின. குலுக்கலில் பெயர் விழுந்தாலும், வருமானச் சான்றும் முன்தொகையும் இல்லாத தினக்கூலிக்கு வங்கிக் கடன் எட்டாது.

2019 ஜூன் 29 அன்று விடியுமுன், கனமழையில், கோண்ட்வாவில் ஓர் அடுக்ககத்தின் சுற்றுச்சுவர் சரிந்து, அதை ஒட்டித் தகரக் கொட்டகைகளில் உறங்கிய கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களின் மேல் விழுந்தது. பீகாரிலிருந்து வந்த தொழிலாளரும் குழந்தைகளும் உட்பட 15 பேர் இறந்தனர். தொழிலாளருக்குத் தற்காலிகக் குடியிருப்பை இலவசமாகத் தர வேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இலேயே விதித்திருந்தது. சட்டம் குடியிருப்பு என்றது, கிடைத்தது தகரம். புனேயின் புறநகரை எழுப்பிய கைகளுக்கு அப்புறநகரில் முறையான ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

2020இன் பொதுமுடக்கத்தில் நகரங்களைவிட்டு நடந்தோரைக் கண்ட பிறகே, மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகங்களுக்கான திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. 2024இல் விரிவாக்கப்பட்ட வீட்டுத் திட்டத்தில் வாடகை வீடு தனிக் கூறாக இடம்பெற்றது. காலங்கடந்த ஏற்பு எனினும் அது ஏற்பே. தமிழ்நாடும் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்திய புதிய வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. புனேயின் அனுபவம் தமிழக ஆய்வாளருக்குத் தரும் எச்சரிக்கை இங்கே பொருந்தும்: கட்டடமே சட்டத்தின் கணக்கில் இல்லாதபோது, அதில் குடியிருப்பவரின் ஒப்பந்தம் மட்டும் கணக்கில் வந்துவிடாது.

ஆகவே வரன்முறைப்படுத்தும் ஒவ்வொரு சட்டமும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அறையின் உரிமையாளருக்குப் பட்டா தரும்போது, அந்த அறையில் வாழ்பவருக்கு என்ன தருகிறது? வரன்முறைக்கு ஈடாக மூன்றாண்டுப் பதிவு ஒப்பந்தத்தை நிபந்தனையாக்குவது, வாடகை வரம்பை அந்தக் காலத்திற்கேனும் உறுதி செய்வது, குழாயும் கால்வாயும் அமைக்கும் செலவை அரசு ஏற்பது ஆகியவை எட்டாத கனவுகளல்ல. 1947இன் சட்டம் காலவரையின்றிக் காத்து வழங்கலை வற்றச் செய்தது. 1999இன் சட்டம் 11 மாதம் மட்டும் காத்து வாழ்வைச் சிதற விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான காலம் ஒரு குழந்தை ஒரே பள்ளியில் தொடக்கக் கல்வியை முடிக்கும் அளவேனும் இருக்க வேண்டும்.